ஜாஸைக் 'கண்டுபிடித்த' பியானோக்காரர்: ஜெல்லி ரோல் மார்ட்டனின் தட்டுகளைக் கேட்பது எப்படி?

அமெரிக்காவில் 1923-இல் வெளியான இசைத்தட்டுகளின் பதிப்புரிமை 2024 ஜனவரி 1 அன்று காலாவதியானது. ஜாஸ் வரலாற்றில் அது சாதாரண ஆண்டு அல்ல. கார்னெட் என்ற ஊதுகருவியை வாசித்த கிங் ஆலிவரின் குழு முதன்முதலாகத் தட்டில் ஏறியது அந்த ஆண்டுதான்; ஜெல்லி ரோல் மார்ட்டன் என்ற பியானோக்காரர் தட்டில் ஏறியதும் அப்போதுதான். மார்ட்டனின் அந்த ஆண்டுத் தட்டுகளை இப்போது யார் வேண்டுமானாலும் இணையத்தில் ஏற்றலாம்.

குழப்பம் அதற்குப் பிறகு வருகிறது. மார்ட்டனின் மெட்டான 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்' என்று தேடினால் அவரே வாசித்தது 1923, 1924, 1926, 1938, 1939 என்று ஐந்து வெவ்வேறு ஆண்டுகளில் கிடைக்கிறது. ஒன்றில் கீச்சென்ற சத்தம், ஒன்றில் கூடவே ஒரு கார்னெட், ஒன்றில் நடுநடுவே பேச்சு. எது மூலம்? போதாக்குறைக்கு, ஜாஸை 1902-இல் கண்டுபிடித்தது தானே என்று சொன்ன மனிதர் அவர். அந்தக் கூற்று உண்மையா, பொய்யா? இந்த இரண்டு கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை. தட்டுகளைக் கேட்கத் தெரிந்தால்தான் கூற்றில் எவ்வளவு தேறும் என்று சொல்ல முடியும்.

முதலில் சில சொற்கள்

1. ராக்டைம்: 1890-களில் அமெரிக்காவில் பரவிய பியானோ இசை. இடக்கை சீராகத் தாளம் போட, வலக்கை அந்தத் தாளத்துக்கு முன்பின்னாக அழுத்தம் தந்து மெட்டை வாசிக்கும். ஸ்காட் ஜாப்ளினின் 'மேப்பிள் லீஃப் ராக்' (1899) இதன் முகவரி. நோட்ஸ் எழுதி அச்சிட்டு விற்ற இசை இது. எழுதியதை எழுதியபடி வாசிப்பதே மரபு.

2. ப்ளூஸ்: பெரும்பாலும் 12 பார் கொண்ட சுற்று. (பார் என்பது தாளத்தின் ஓர் அலகு, இந்த இசையில் வழக்கமாக நான்கு அடி.) பாடகர் சுரங்களை வளைத்துப் பாடுவார். பியானோவில் வளைக்க முடியாது. அதனால் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தி, அந்த வளைவை நினைவூட்டுவார்கள்.

3. பிரேக்: குழு முழுவதும் சட்டென்று நிற்கும். ஒருவர் மட்டும், வழக்கமாக இரண்டு பார் அளவுக்கு, தனியாக வாசிப்பார். பிறகு எல்லோரும் சரியான அடியில் வந்து சேர்வார்கள்.

4. ஸ்டாம்ப்: தரையை மிதித்து ஆடத் தோதான, வேகமான, அழுத்தமான உருப்படி.

ராக்டைமின் கட்டுக்கோப்பு, ப்ளூஸின் வளைவு, ஆடுபவர்களுக்கு வேண்டிய தாளம் மூன்றும் கலந்து, வாசிப்பவர் இடத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளும் சுதந்திரமும் சேர்ந்தபோது ஜாஸ் வந்தது. கலந்தது ஒருவர் அல்ல, ஓர் ஊர். நியூ ஆர்லியன்ஸ்.

அந்த ஊரில் ஒரு கிரியோல் பையன்

இயற்பெயர் ஃபெர்டினாண்ட் ஜோசப் லமோத். பிரெஞ்சு, ஆப்பிரிக்க வழிகள் கலந்த கிரியோல் குடும்பம். வீட்டில் ஆப்ராவும் பிரெஞ்சும் மதிப்புக்குரியவை. ஆனால் 1890-களில் லூசியானாவின் இனப் பிரிப்புச் சட்டங்கள் கிரியோல்களையும் கறுப்பர்களையும் ஒரே கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளின. 1896-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனப் பிரிவினையைச் செல்லும் என்று சொன்ன வழக்கின் ஹோமர் பிளெஸ்ஸியும் நியூ ஆர்லியன்ஸ் கிரியோல்தான். 'நாங்கள் வேறு' என்ற நினைப்பை மார்ட்டன் கடைசி வரை விடவில்லை. அவருடைய பெருமைப்பேச்சுக்கு இதுவும் ஒரு வேர்.

1897 முதல் 1917 வரை ஸ்டோரிவில் என்ற பகுதியில் பாலியல் தொழிலை நகராட்சியே வரம்பு கட்டி அனுமதித்தது. அங்கிருந்த பெரிய விடுதிகளின் கூடத்தில் வாசிக்கும் பியானோக்காரருக்கு 'புரொஃபசர்' என்று பட்டம். பதின்வயதிலேயே மார்ட்டன் அங்கே வாசித்தார். வந்து விழுந்த அன்பளிப்புகளில் கை நிறைந்தது. விஷயம் தெரிந்ததும் கொள்ளுப்பாட்டி வீட்டை விட்டு அனுப்பிவிட்டார்.

அதன்பின் சுமார் இருபது ஆண்டுகள் ஊர் ஊராகச் சுற்றல். பியானோ மட்டும் சோறு போடவில்லை. பில்லியர்ட்ஸ் சூதாட்டம், மேடை நகைச்சுவை, பெண் தரகு என்று எல்லாவற்றையும் அவரே பின்னாளில் ஒளிக்காமல் சொன்னார். முன்பல்லில் வைரம் பதித்துக்கொண்டார். 1915-இல் சிகாகோவில் அச்சான அவருடைய 'ஜெல்லி ரோல் ப்ளூஸ்', நோட்ஸாக வெளிவந்த முதல் ஜாஸ் உருப்படிகளில் ஒன்று. 1917 முதல் மேற்குக் கடற்கரையில் இருந்தார். 1923-இல் சிகாகோ திரும்பினார்.

1902 என்ற கூற்று

1938-இல் ராபர்ட் ரிப்ளியின் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் டபிள்யூ. சி. ஹேண்டி என்ற இசையமைப்பாளரை ஜாஸுக்கும் ப்ளூஸுக்கும் பிதாமகராக அறிமுகப்படுத்தினார்கள். கொதித்துப்போன மார்ட்டன் எழுதிய நீண்ட கடிதம் 'டவுன் பீட்' என்ற இசை இதழில் வெளியானது. 1902-இல் ஜாஸை உருவாக்கியது தானே என்பது அதன் சாரம்.

ஆண்டுக் கணக்கே இடிக்கிறது. தான் 1885-இல் பிறந்ததாக அவர் சொல்லிவந்தார். ஞானஸ்நானச் சான்றிதழ் காட்டுவது 1890 அக்டோபர் 20. அதை ஏற்றால் 1902-இல் அவருக்குப் பன்னிரண்டு வயதுகூட முழுதாக ஆகவில்லை. அதே காலத்தில் நியூ ஆர்லியன்ஸில் பட்டி போல்டன் என்ற கார்னெட் கலைஞரின் குழு ஏற்கெனவே நடனக் கூடங்களை அதிரவைத்துக்கொண்டிருந்தது. 1907-இல் போல்டன் மனநல விடுதிக்குப் போனார். அவர் வாசித்த பதிவு ஒன்றுகூட இன்று இல்லை. தட்டு இல்லாத முன்னோடியை வரலாறு எளிதில் ஓரங்கட்டிவிடும். மார்ட்டனின் கூற்று அவ்வளவு காலம் ஓடியதற்கு இது ஒரு காரணம்.

ஆக, 'கண்டுபிடித்தேன்' என்பது தள்ளுபடி. ஆனால் அதோடு ஆளையும் சேர்த்துத் தள்ளிவிடுவது பெரிய தவறு. ஜாஸை எழுதி, கட்டமைத்து, குழுவுக்குப் பிரித்துக் கொடுக்கலாம் என்று செய்து காட்டிய முதல் பெரிய இசையமைப்பாளர் அவர். இதற்கு அவருடைய வாய்மொழி தேவையில்லை, தட்டுகளே போதும்.

ரிச்மண்ட், 1923: மைக் இல்லாத பதிவு

இண்டியானா மாநிலத்தின் ரிச்மண்டில் ஸ்டார் பியானோ கம்பெனி இருந்தது. அதன் இசைத்தட்டுப் பிரிவின் பெயர் கெனெட். ஒலிப்பதிவுக்கூடம் ரயில் பாதையை ஒட்டி இருந்ததால், ரயில் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். 1923 ஜூலை 17, 18 தேதிகளில் மார்ட்டன் அங்கே இரண்டு வேலைகள் செய்தார். நியூ ஆர்லியன்ஸ் ரிதம் கிங்ஸ் என்ற வெள்ளையர் குழுவோடு சேர்ந்து சில தட்டுகளில் வாசித்தார். இரு இனத்தாரும் சேர்ந்து பதிவு செய்த மிக ஆரம்பகால ஜாஸ் அமர்வுகளில் அது ஒன்று. கூடவே தனியாக ஆறு பியானோ உருப்படிகள்: 'கிங் போர்ட்டர்', 'தி பேர்ல்ஸ்', 'கிராண்ட்பாஸ் ஸ்பெல்ஸ்', 'வுல்வரின் ப்ளூஸ்', 'நியூ ஆர்லியன்ஸ் ஜாய்ஸ்', 'கான்சாஸ் சிட்டி ஸ்டாம்ப்'. அந்தக் காலத்து இண்டியானாவில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பு செல்வாக்கோடு இருந்தது. இதே கெனெட் நிறுவனம் க்ளானுக்கும் கூலிக்குத் தட்டு அடித்துக் கொடுத்தது. ஒரே தொழிற்சாலை, இரண்டு வாடிக்கையாளர்கள்.

இந்தத் தட்டுகள் ஏன் அப்படி ஒலிக்கின்றன என்பதற்குத் தொழில்நுட்பக் காரணம் உண்டு. அப்போது மைக் கிடையாது. பெரிய கூம்புக்குள் ஒலி நுழையும். அதன் முனையிலுள்ள மெல்லிய சவ்வு அதிரும். சவ்வோடு இணைந்த ஊசி மெழுகுத் தட்டில் கீறும். ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ கருவி இல்லை. வாசிப்பவரைக் கூம்புக்கு அருகே நிறுத்துவதும் தள்ளி நிறுத்துவதும்தான் ஒரே வழி. தாழ்ந்த சுரங்கள் சரியாகப் பதியாது. பியானோவின் இடக்கைப் பகுதி 1923 தட்டுகளில் மங்கிக் கேட்பது இதனால்தான். மார்ட்டனின் இடக்கை பலவீனமானது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அந்த மங்கலையும் மீறி ஒன்று தெளிவாகக் கேட்கிறது. அவர் பியானோவை ஒரு குழுவாக நினைத்து வாசிக்கிறார். வலக்கையின் மேல்விரல்கள் கார்னெட்டின் மெட்டைத் தாங்குகின்றன. உள்விரல்கள் கிளாரினெட் போல இடைவெளிகளை நிரப்புகின்றன. இடக்கை தாளத்தை விட்டு அவ்வப்போது டிராம்போன் என்ற கனத்த ஊதுகருவி போலக் கீழிருந்து ஒரு ஓட்டம் ஓடி வருகிறது. பியானோ ஒரு பேண்ட் போல ஒலிக்க வேண்டும் என்பது அவர் வாய்விட்டுச் சொன்ன கொள்கையும்கூட.

சிகாகோ, 1926: கொள்கை தலைகீழாகிறது

பியானோவைக் குழுவாக்கியவருக்கு உண்மையான குழு கிடைத்தால்? 1926 செப்டம்பர் 15 அன்று விக்டர் நிறுவனத்துக்காகச் சிகாகோவில் 'ரெட் ஹாட் பெப்பர்ஸ்' என்ற பெயரில் முதல் அமர்வு. ஜார்ஜ் மிட்செல் கார்னெட், கிட் ஓரி டிராம்போன், ஓமர் சிமியோன் கிளாரினெட், ஜானி செயிண்ட் சிர் பாஞ்சோ (தந்திக் கருவி), ஜான் லிண்ட்சே பாஸ், ஆண்ட்ரூ ஹிலேர் டிரம்ஸ். விக்டர் 1925-இலேயே மைக் வைத்த மின்பதிவுக்கு மாறிவிட்டது. மார்ட்டன் ஒத்திகை இல்லாமல் பதிவுக்குப் போகவில்லை. ஒத்திகைக்கும் கூலி கொடுத்தார்கள் என்பது அந்தக் காலத்து ஜாஸில் அபூர்வம்.

முதல் தட்டான 'பிளாக் பாட்டம் ஸ்டாம்ப்' மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். கையில் கடிகாரம் வைத்துக்கொண்டு கேட்டால் அதன் கட்டுமானம் பிடிபடும்.

சிறு முன்னுரைக்குப் பின் முதல் மெட்டு, 16 பார். மூன்று முறை வருகிறது. ஒவ்வொரு முறையும் ஆள் மாறுகிறது. முதலில் குழு மொத்தமும், பிறகு கார்னெட் கேட்க மற்றவர்கள் பதில் சொல்கிறார்கள், பிறகு கிளாரினெட். நான்கு பார் இண்டர்லூட் (இடையிசை) ஒன்று சுருதி ஆதாரத்தையே மாற்றிவிட்டு இரண்டாம் மெட்டில் கொண்டுவிடுகிறது. இந்த மெட்டு வழக்கமான 16 அல்ல, 20 பார். காது 16-இல் முடிவை எதிர்பார்க்கும், அது தள்ளிப்போகும். இதைத்தான் ஏழு முறை சுற்றவிடுகிறார். குழு, கிளாரினெட், பிறகு எல்லோரும் விலகிக்கொள்ள பியானோ தன்னந்தனியே, அடுத்து குழு ஆங்காங்கே ஒரு தட்டு மட்டும் தட்ட மேலே கார்னெட், அடுத்து பாஞ்சோ. கடைசி இரண்டு சுற்றுகளில்தான் குழு மீண்டும் முழுதாகச் சேர்கிறது. ஹிலேருக்கு ஒரு சிம்பல் பிரேக், ஓரிக்கு ஒரு டிராம்போன் பிரேக், முடிவுச் சுற்றில் டிரம்ஸ் அதுவரை ஒளித்துவைத்திருந்த கனத்தை இறக்குகிறது.

ஒரு தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம் என்பது 78 சுழற்சித் தட்டுகளின் வரம்பு. நம்மூர் வித்வான்களும் அதே வரம்புக்குள் ராகத்தைச் சுருக்கிப் பாடியவர்கள்தான். அந்த மூன்று நிமிடத்துக்குள் அளவெடுத்துத் தைத்தவர் மார்ட்டன். எந்த இரண்டு சுற்றும் ஒரே வண்ணத்தில் இல்லை என்பதைக் கவனியுங்கள். தனியாவர்த்தனங்களில் கலைஞர்களுக்குச் சுதந்திரம் கொடுத்தார். ஆனால் எங்கே யார் நுழைவது, எங்கே நிற்பது, எங்கே பிரேக் என்பதெல்லாம் அவர் போட்ட அரேஞ்ச்மெண்ட்.

ஆறு நாள் கழித்து நடந்த இரண்டாம் அமர்வில் 'சைட்வாக் ப்ளூஸ்', 'டெட் மேன் ப்ளூஸ்' வந்தன. முன்னதன் தொடக்கத்தில் கார் ஹாரனும் வசனமும், பின்னதில் இறுதி ஊர்வல மெட்டு; இரண்டிலும் கூடுதல் கிளாரினெட்கள் சேர்ந்திசைக்கும் பகுதி. தொடக்க வசன நகைச்சுவை இன்றைக்குச் சகிக்காது, ஆனால் அதைத் தாண்டிவிட்டால் அசல் தங்கம். 1927-இல் ஜானி டாட்ஸ், பேபி டாட்ஸ் சகோதரர்களோடு மூவராக வாசித்த 'வுல்வரின் ப்ளூஸ்' இவற்றுக்குச் சமமாக வைக்கத்தக்கது. 1928-இல் நியூயார்க் போன பிறகு பதிவுகளின் தரம் ஏறி இறங்கியது. 1930-இல் விக்டர் ஒப்பந்தம் முடிந்தது.

புகழ் வந்தது, பணம் வரவில்லை

1935-இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேனின் பெரிய குழு, ஃப்ளெச்சர் ஹெண்டர்சன் அரேஞ்ச்மெண்டில் 'கிங் போர்ட்டர் ஸ்டாம்ப்'பைப் பதிவு செய்தது. ஸ்விங் என்ற பெரிய குழு நடன ஜாஸின் அலையைத் தொடங்கிவைத்த தட்டுகளில் அது ஒன்று. மெட்டுக்குச் சொந்தக்காரர் அப்போது வாஷிங்டனில் ஒரு சிறிய இரவு விடுதியில் வாசிக்கும் நிலைக்கு வந்துகொண்டிருந்தார். காரணங்கள் இவை:

1. மெட்டுகளின் அச்சு உரிமை சிகாகோவின் மெல்ரோஸ் பதிப்பகத்திடம் இருந்தது. தனக்குச் சேர வேண்டிய ராயல்டி வரவில்லை என்று மார்ட்டன் கடைசி வரை குற்றம் சாட்டினார்.

2. பொது இடங்களிலும் வானொலியிலும் மெட்டு ஒலித்தால் கட்டணம் வசூலித்துப் பகிர்வது ஆஸ்காப் என்ற இசையமைப்பாளர்-பதிப்பாளர் சங்கம். உறுப்பினர் அல்லாதவருக்குப் பங்கு இல்லை. 1914-இல் தொடங்கிய அந்தச் சங்கத்தில் மார்ட்டனுக்கு இடம் கிடைத்தது 1939-இல்தான். வானொலி உச்சத்தில் இருந்த காலம் கையை விட்டுப் போயிருந்தது.

3. வாசித்தவருக்குத் தட்டு ஒன்றுக்கு ஒருமுறைக் கூலி என்பதே அன்றைய பொது வழக்கம். மறுபதிப்பு வந்தாலும் வருமானம் இல்லை.

வாஷிங்டன், 1938: எட்டு மணி நேரச் சாட்சியம்

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் நாட்டார் இசைப் பிரிவில் இருந்த ஆலன் லோமாக்ஸுக்கு அப்போது 23 வயது. 1938 மே மாதம் மார்ட்டனை நூலகத்தின் கூலிட்ஜ் அரங்கில் பியானோ முன் உட்காரவைத்து, பேசச் சொன்னார். பேசிக்கொண்டே வாசித்து, வாசித்துக்கொண்டே பாடி, தரையில் காலால் தாளம் தட்டியபடி மார்ட்டன் விட்டுச்சென்றது எட்டு மணி நேரத்துக்கும் மேல். மூன்று நிமிட வரம்பு இங்கே இல்லை. தட்டு தீர்ந்தால் அடுத்தது.

இதன் மதிப்பு கதைகளில் மட்டும் இல்லை. 'மேப்பிள் லீஃப் ராக்'கை முதலில் மிசூரிக்காரர்கள் வாசிக்கும் விதத்தில் வாசித்துக் காட்டுகிறார்; பிறகு அதையே தன் வழியில். ராக்டைமுக்கும் ஜாஸுக்கும் என்ன வேறுபாடு என்று பக்கம் பக்கமாக எழுதுவதை விட அந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பது மேல். முதலாவதில் தாளம் நிமிர்ந்து நடக்கிறது. இரண்டாவதில் இடுப்பை அசைத்து நடக்கிறது. 'லா பாலோமா' மெட்டை எடுத்து, இடக்கைத் தாளத்தில் ஹபனேரா என்ற கியூப நடனத் தாளத்தின் சாயலை வைத்துக்கொண்டே வலக்கையை ஜாஸுக்கு மாற்றுகிறார். ஸ்பானியச் சாயல் இல்லாவிட்டால் ஜாஸுக்குப் பக்குவம் வராது என்ற அவருடைய புகழ்பெற்ற வாதம் இங்கே சொல்லப்பட்டதுதான்.

பதிவில் இருந்த பச்சையான விடுதிப் பாடல்களைப் பல ஆண்டுகள் வெளியிடாமல் வைத்திருந்தார்கள். ரவுண்டர் நிறுவனம் 2005-இல் முழுத் தொகுப்பையும் கொண்டுவந்தது. அதற்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன.

அதே 1938-இல் அவர் வாசித்துவந்த இரவு விடுதியில் நடந்த தகராறில் மார்ட்டனுக்குக் கத்திக்குத்து. உடல் பிறகு தேறவே இல்லை. 1939-இல் சாக்ஸபோன் கலைஞர் சிட்னி பெஷேவோடு ஒரு குழுப்பதிவும், ஜெனரல் என்ற சிறு நிறுவனத்துக்குப் பியானோ பதிவுகளும் செய்தார். 1941 ஜூலை 10 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் இறந்தார்.

எது மூலம்?

ஒரே மெட்டின் ஐந்து பதிவுகளில் எதுவும் மற்றதன் நகல் இல்லை. 1923 பதிவு காலத்தால் முந்தியது, அவ்வளவுதான். 1924-இல் கிங் ஆலிவரின் கார்னெட்டோடு செய்தது மெட்டைப் பிரித்துப் பார்க்க உதவும். 1926 தனிப்பியானோவில் விரல்கள் மிகத் துடிப்பு. 1938-இல் நினைவுகூர்ந்து வாசிக்கிறார், அவசரமில்லை. 1939-இல் வேகம் தணிந்திருக்கிறது, ஒலி மிகத் தெளிவு. புதிதாகக் கேட்பவர் 1939-இல் தொடங்கிப் பின்னோக்கிப் போவதே நல்லது. இடக்கை என்ன செய்கிறது என்று ஒருமுறை தெளிவாகக் கேட்டுவிட்டால், 1923-இன் மங்கலிலும் அதை அடையாளம் காணலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். பியானோ ரோல் என்று வருவது ஒலிப்பதிவு அல்ல. துளையிட்ட காகிதச் சுருள் தானியங்கிப் பியானோவை இயக்குவது. கைவிரல் அழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை அதில் தேடக்கூடாது. அடுத்து, பழைய தட்டுகளின் சுழல்வேகம் சீரானதல்ல. தவறான வேகத்தில் மாற்றி ஏற்றினால் சுருதியும் வேகமும் சேர்ந்தே ஏறும் அல்லது இறங்கும்.

உரிமைக் கணக்கு

அமெரிக்காவில் 1972 பிப்ரவரி 15-க்கு முந்தைய ஒலிப்பதிவுகள் நெடுங்காலம் கூட்டாட்சிப் பதிப்புரிமைக்கு வெளியே, மாநிலச் சட்டங்களில் கிடந்தன. 2018-இன் இசை நவீனமயச் சட்டம் அவற்றுக்கு அட்டவணை போட்டது.

1. 1923-க்கு முன் வெளியானவை: 2022 ஜனவரி 1 முதல் கட்டற்றவை.

2. 1923 முதல் 1946 வரை வெளியானவை: 100 ஆண்டுகள். 1926-இல் வெளியான ரெட் ஹாட் பெப்பர்ஸ் தட்டுகளுக்கு இது 2027 ஜனவரி 1.

3. 1947 முதல் 1956 வரை வெளியானவை: 110 ஆண்டுகள்.

கணக்கு பதிவு செய்த நாளிலிருந்து அல்ல, முதலில் வெளியான ஆண்டிலிருந்து. காங்கிரஸ் நூலகப் பதிவுகள் 1938-இல் செய்தவை என்பதால் இரண்டாம் வகை என்று நினைத்துவிடக் கூடாது. அவை கடைக்கு வந்தது பல ஆண்டுகள் கழித்து.

மெட்டும் ஒலிப்பதிவும் தனித்தனி உரிமைகள் என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு வெளியீட்டிலிருந்து 60 ஆண்டுகள், இசையமைப்புக்கு ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள். மார்ட்டன் தன் காலத்தில் வெளியிட்ட தட்டுகள் இரண்டு கணக்கிலும் இங்கே எப்போதோ காலாவதி. ஆனால் காணொளியை ஏற்றும் தளம் அமெரிக்க நிறுவனமாக இருந்தால் புகார் அந்த நாட்டுக் கணக்குப்படிதான் வரும். மார்ட்டன் 1923-இல் வாசித்த 'கிங் போர்ட்டர்' அங்கே கட்டற்றது. அதே மெட்டுக்குக் குட்மேன் 1935-இல் போட்ட தட்டு 2036 ஜனவரி 1 வரை உரிமைக்கு உட்பட்டது.